சும்மா கொடுத்த நூறு கிலோ ஓம்

சிப்னாஸின் நிம்மதிக்கு விலை ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாயையும் அவன் கையில் வாங்கவில்லை.

ஹட்டன் டவுனில், செருப்புக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே, ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் இருந்தது அவன் கடை. டீவி ரிப்பேர், ஃபோன் ரிப்பேர், எலெக்ட்ரானிக் சாமான் விற்பனை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். இருநூற்றைம்பது சொன்ன பொருளை நூற்றெண்பதுக்கு இறக்கிக் கொடுக்கும்போது, தன் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவனைப்போல ஒரு முகம் வைப்பான். வாங்கியவன் பாவம் செய்துவிட்ட உணர்வோடு படியிறங்குவான். பொருளின் அடக்கம் தொண்ணூறு.

அப்படிப்பட்டவன் ஒரு பொருளைச் சும்மா கொடுத்தான் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இருந்தது.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கோபம் வரும். அங்கே மழை நாளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தினமும் சண்டை. பெண்கள் மூட்டையைக் கொண்டுவந்து தராசில் மாட்டுவார்கள். இலையில் ஒட்டியிருக்கும் மழைத் தண்ணீருக்கென்று கணக்கப்பிள்ளை ஒரே அடியாக இரண்டு கிலோ கழிப்பார். உதறி உதறிக் கொண்டுவந்தவளுக்கும் இரண்டு, பீலிக் குழாயில் நனைத்துக் கொண்டுவந்தவளுக்கும் இரண்டு. அந்தத் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு நாள் பேர், முழுச் சம்பளம். ஒரு இலை குறைந்தாலும் அரைப் பேர். பத்தொன்பதரைக் கிலோ எடுத்து, பதினேழரை என்று எழுதப்பட்டு, அரைச் சம்பளத்தோடு போகிறவள் பேசுவதைத் துரை பங்களாவில் இருந்தே கேட்கலாம்.

துரை சிங்களவர், படித்தவர், சத்தம் பிடிக்காதவர். இலையில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் என்று காட்ட ஒரு மெஷின் கிடைக்குமா என்று ஹட்டனில் விசாரித்தார். விசாரிப்பு சிப்னாஸிடம் வந்து நின்றது.

சிப்னாஸ் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தான். நாலு பல் உள்ள ஒரு முள்ளு, அதிலிருந்து ஒயர், ஒயரின் முனையில் பெட்டி. முள்ளைக் கொழுந்துக்குள் குத்தினால், ஈர இலை மின்சாரத்தைச் சுலபமாக விடும், காய்ந்த இலை தடுக்கும். அந்தத் தடையை அளந்துவிட்டால் தண்ணீர் தெரிந்துவிடும். அளப்பதற்கு அவன் எடுத்த வழியும் எளிதுதான்: ஒரு கண்டென்சரை மின்சாரத்தால் நிரப்பு, அதை இலை வழியாக வடிய விடு, வடிந்து முடிய எவ்வளவு நேரம் என்று உள்ளே இருக்கும் சிப்பை எண்ணச் சொல். பீலித் தண்ணீரில் வாளியை நிரப்பி அடியில் ஓட்டை போட்டால், வாளி காலியாகிற நேரத்தை வைத்து ஓட்டையின் அளவைச் சொல்லலாம் அல்லவா, அதேதான். வாளியின் அளவு முன்கூட்டியே சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தன் கண்டென்சரைச் சிப்னாஸ் மூன்று மீட்டர் கருவிகளில் அளந்து, அந்த எண்ணைச் சிப்புக்குள் எழுதி வைத்தான். அவன் பெட்டிக்கு உயிரே அந்தக் கண்டென்சர்தான்.

பெட்டி பொய் சொல்லவில்லை. அதில் குற்றம் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை, ஒன்றைத் தவிர. அதை முதல் நாளே கண்டுபிடித்தவள் கொழுந்து எடுக்கும் காளியாயி. ஐம்பது வயது, நாக்குக்கு வயது இல்லை.

காய்ந்த இலை மின்சாரத்தைத் தடுக்கும். தடுத்தால் வடிய நேரமாகும். ஒரு பல்லுக்குப் பத்து விநாடி, நாலு பல்லுக்கு நாற்பது. நனைந்த மூட்டைக்காரி முள்ளைக் குத்திய உடனே போய்விடுவாள். நன்றாக உதறி, நியாயமாகக் கொண்டுவந்தவள் முக்கால் நிமிடம் மழையில் நிற்க வேண்டும்.

"அடி ஆத்தே! நல்லவளுக்குத்தான் இந்த மெஷினு தண்டனை குடுக்குது," என்றாள் காளியாயி. "கடைக்கார மொதலாளி, இது ஒங்க வீட்டு மெஷினா, இல்ல கணக்கப்புள்ள வீட்டு மெஷினா?"

பின்னால் எண்பது பெண்கள் சிரித்தார்கள். வரிசை இருட்டும்வரை நீண்டது. இரண்டாவது வாரத்தில் கணக்கப்பிள்ளை பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுப் பழையபடி இரண்டு கிலோ கழிக்க ஆரம்பித்தார். துரை மட்டும், "வேகமாக்க முடியுமா பாருங்கள், வேகமாக்கினால் எட்டு மடுவத்துக்கும் எட்டுப் பெட்டி வேண்டும்," என்று சொல்லியிருந்தார்.

எட்டுப் பெட்டி. சிப்னாஸ் அதைக் கனவில்கூட எட்டாகவே எண்ணினான், ஒன்று குறைந்ததில்லை. கடைப் பலகையில் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்க பெயிண்ட்காரனிடம் விலைகூடக் கேட்டாயிற்று.

வேகமாக்கத் தெரியவில்லை. சின்னக் கண்டென்சர் போட்டுப் பார்த்தான். வேகம் வந்தது, ஆனால் நனைந்த இலைக்கு எண் தாறுமாறாக ஆடியது. ஒரு பல்லைக் குறைத்துப் பார்த்தான். மூட்டையின் ஒரு மூலை காய்ந்து மறு மூலை நனைந்திருந்தால் பெட்டி ஏமாந்தது.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சுதாகரன் கடைக்குள் பக்கவாட்டில் நுழைந்தான்.

சுதாகரன் அதே தோட்டத்து ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். தொழிலாளர் லயத்துப் பையன். சிப்னாஸும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். பௌதிகத்தில் அவனுக்கு ஏ, சிப்னாஸுக்கு சி. பதினாறு வருடமாகச் சிப்னாஸ் அதை மறந்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒரு மைக்ரோ கண்டென்சர் ஒண்ணு, நூறு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு," என்றான் சுதாகரன்.

"என்னத்துக்கு?"

"ஒன் பெட்டிக்குத்தான்டா. இல்ல, ஒன் பெட்டி மாதிரி ஒண்ணு. தொரை பாக்கணும்னாரு, வியாழக்கிழம மடுவத்துக்குக் கொண்டாரச் சொல்லிட்டாரு. நீயும் ஒன்னோடத எடுத்துக்கிட்டு வா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க."

சிப்னாஸின் கை இழுப்பறையில் அப்படியே நின்றது. முகம் மட்டும் வியாபாரத்தைத் தொடர்ந்தது.

"அப்பிடியா? நல்லம் தானே. எவ்வளவு நேரத்துல காட்டுது?"

"ஃபேக்டரிச் சாமான வச்சுப் பாத்தேன், ஒரு பல்லுக்கு அரை செக்கன்கூட முழுசா ஆகல."

பத்து விநாடி எங்கே, அரை விநாடி எங்கே.

சுதாகரன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசையில் விரித்தான். ஃபேக்டரிக் கொழுந்துச் சீட்டின் பின்பக்கம்; பென்சில் கோடு.

"முழுசா வடியுற வரைக்கும் ஏன்டா காத்துக்கிட்டு நிக்கணும்? கால் செக்கன் மட்டும் கொழுந்து வழியா விடுறேன். அதுக்கப்புறம் கொழுந்தக் கழட்டிட்டு, மிச்சத்த இந்த ரெசிஸ்டர் வழியா வடிச்சிர்றேன். ரெசிஸ்டர் சின்னது, டக்குன்னு முடிஞ்சிரும். மிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சா கொழுந்து எவ்வளவு குடிச்சுச்சுன்னு தெரிஞ்சுரும்ல. இதுல இன்னொரு விஷயம் இருக்கு, என்னன்னா..."

"வெளங்குது, வெளங்குது," என்றான் சிப்னாஸ். "நானும் இதத்தான் யோசிச்சிட்டு இருந்தேன். நேரந்தான் கிடைக்கல்ல."

யோசித்திருக்கவில்லை. இவ்வளவு எளிதான ஒன்றை யோசிக்காமல் போனதுதான் குத்தியது. பெரிய கம்ப்யூட்டர், வெளிநாட்டு சிப், ஜப்பான் பெயர் என்று ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். கையில் காசுள்ளவன் ஜெயித்தான் என்று போய்விடலாம். இது அவன் இழுப்பறையில், அவன் கைக்கு எட்டும் தூரத்தில், ஐந்து ரூபாய்க்கு மூன்று மாதமாகக் கிடந்த ரெசிஸ்டர்.

சுதாகரன் அந்த இன்னொரு விஷயத்தைச் சொல்ல மறுபடி வாய் திறந்தான். சிப்னாஸ் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

முதுகைத் திருப்பியவன் கண்ணில் கீழ் வரிசைத் தகரப் பெட்டி பட்டது. செத்துப்போன டீவிகளிலிருந்து கழற்றிய கண்டென்சர்கள். எறிய மனமில்லாமல் வைத்திருந்தவை. சிலவற்றின் மேல் 'ஒன்று' என்று அச்சடித்திருக்கும். மீட்டரில் வைத்தால் அரைக்குச் சற்று மேலே காட்டும். வயதாகிச் சுருங்கியவை. பார்வைக்குப் புதிது போலவே இருக்கும்.

அவன் புத்தி தன் பெட்டியை வைத்துக் கணக்குப் போட்டது. கண்டென்சர் பாதியானால் பாதி நேரத்தில் வடியும். பாதி நேரத்தில் வடிந்தால் காய்ந்த இலையும் ஈர இலையாகத் தெரியும். சுதாகரனின் பெட்டி துரைக்கு முன்னால், கணக்கப்பிள்ளைக்கு முன்னால், உதறிக் கொண்டுவந்த மூட்டையைப் பார்த்துக் குளத்தில் முக்கி எடுத்தது என்று சொல்லும். வேகமாகச் சொல்லும்.

ஒன்றை எடுத்தான். துணியால் துடைத்தான். சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டான்.

"அறுபது."

"கொஞ்சம் கொறைச்சுப் போடேன்டா."

"டொலர் ஏறிக் கிடக்குது மச்சான். எனக்கே அம்பத்தஞ்சு விழுது."

சுதாகரன் அறுபதைக் கொடுத்தான். அவன் விரல் நகங்களுக்குள் ஃபேக்டரிக் கிரீஸ். அந்தக் காசை வாங்கும்போது சிப்னாஸுக்கு ஒரு நொடி ஏதோ கூசியது. கூச்சம் வந்தால் வியாபாரி கொடையாளியாகிவிடுவான். ரெசிஸ்டருக்கு மேல் வரிசைக்குப் போனான். அங்கே சாதா ரகமும் இருந்தது, நீல நிற ஒரு சதவீத ரகமும் இருந்தது. சூட்டுக்கும் குளிருக்கும் ஆடாதது. நீலத்தையே எடுத்தான். சும்மா கொடுக்கிற சாமானில் மட்டமானதைக் கொடுத்தால் கடையின் பெயர் கெடும் என்பது அவன் வாப்பா மக்பூல் ஹாஜியாரின் பலசரக்குக் கடையில் இருந்தே கையில் ஊறிப்போன பழக்கம்.

"இதுக்குக் காசு வேணாம். வெச்சுக்க."

"டேய், மெய்யாவா?"

"நாம ஒரு பெஞ்ச் தானே."

சுதாகரன் கண்ணில் தெரிந்த சந்தோஷத்தைச் சிப்னாஸ் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் மனைவி ரினோஸா அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரினோஸா கந்தப்பளைக்காரி, காரட், லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். அவளிடம் விலை பேசி ஜெயித்த ஆள் ஹட்டனில் இல்லை. சிப்னாஸும் அதில் அடக்கம்.

"என்ன நீங்க, சோத்தப் பெசஞ்சிட்டே இருக்கீங்க? மீனு புடிக்கல்லயா?"

"புடிச்சிரிக்கி."

"அந்த சுதாகரன் என்னவோ செஞ்சிரிக்கானாம். பக்கத்துப் பேக்கரில பேசிக்கிட்டாங்க. மூளக்காரப் புள்ளயாம்."

"நானும் செஞ்சேன் தானே ஒண்டு. அப்ப பேக்கரில யாரும் பேசல்லயே!"

"பேசினாங்க. லேட்டாகுதுன்னு பேசினாங்க."

சிப்னாஸ் எழுந்து கை கழுவிவிட்டான். பைப்பைத் திறந்தவன் மூடாமல் நின்றான். நாளைக்கு இந்நேரம் பேக்கரியில் வேறு மாதிரிப் பேசுவார்கள். மூளைக்காரப் பிள்ளையின் மெஷின் காளியாயியின் மூட்டையைத் தண்ணீர் என்று சொன்ன கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவன் முன்கூட்டியே கேட்டுப் பார்த்தான். இனிக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் காட்சிக்குள் ஒரே ஒரு இடத்தில் காளியாயி அரைப் பேரோடு லயத்துக்கு ஏறிப் போனாள். அந்த இடம் வந்ததும் பைப்பை இறுக்கி மூடினான்.

வியாழக்கிழமை மழை தூறிக்கொண்டே இருந்தது. மடுவத்தின் தகரக் கூரைக்குச் சற்று வெளியே துரை குடையோடு நின்றார். மேசைமேல் இரண்டு பெட்டிகள். சிப்னாஸுடையது பெயிண்ட் அடித்து, பெயர் ஒட்டி, மாப்பிள்ளை மாதிரி இருந்தது. சுதாகரனுடையது பழைய பிஸ்கட் டின். அதைப் பார்த்ததும் சிப்னாஸுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

துரை கெட்டிக்காரர். ஃபேக்டரியிலேயே பத்துப் பத்துக் கிலோ காய்ந்த கொழுந்தை மூன்று மூட்டையாக நிறுக்கச் சொல்லி, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் ஒரு லீட்டர், ஒன்றில் இரண்டு லீட்டர் தண்ணீர் தெளிக்கச் செய்திருந்தார். எது எது என்று அவருக்கும் ஃபேக்டரி ஆபீசருக்கும் மட்டும் தெரியும். பெண்கள் கூடையைக் கழற்றாமலே வந்து சுற்றி நின்றார்கள்.

முதல் மூட்டைக்குச் சிப்னாஸின் முள்ளு போயிற்று. பெட்டி யோசித்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீ போட்டுக் குடிச்சிட்டு வந்துருவமா?" என்றாள் காளியாயி.

நாற்பத்தொரு விநாடி. தண்ணீர் அரைக்கால் லீட்டர்கூட இல்லை என்றது. துரை தலையசைத்தார், அதுதான் காய்ந்த மூட்டை. மற்ற இரண்டையும் பெட்டி சரியாகவே சொன்னது. உண்மையைச் சொல்லிவிட்டு ஒருவன் இவ்வளவு அவமானப்பட முடியுமா என்று சிப்னாஸுக்குத் தோன்றியது.

இப்போது சுதாகரனின் முறை. காய்ந்த மூட்டைக்குள் முள்ளு இறங்கியது. பிஸ்கட் டின் ஒரு முறை 'பீப்' என்றது. இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

சுதாகரன் குனிந்து பார்த்தான். "தண்ணி இல்ல. சும்மா காய்ஞ்ச கொழுந்து."

சிப்னாஸ் ஒரு எட்டு முன்னால் வந்து எண்ணைத் தானே பார்த்தான். பூஜ்யம். அடுத்த மூட்டை: பீப். ஒரு லீட்டர். அடுத்தது: பீப். இரண்டுக்கு மேல் ஒரு சொட்டு.

"ஹொந்தாய், ஹொந்தாய்!" என்று சிங்களத்தில் பாராட்டினார் துரை. குடையை மடக்கிவிட்டார், மழையில் நின்றுகொண்டே.

அந்தக் கண்டென்சர் பாதிதான். சிப்னாஸுக்குத் தெரியும், மீட்டரில் வைத்துப் பார்த்தவன் அவன். பின் எப்படி? திருட்டு வேலை செய்தவன், திருட்டு நடக்கவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது?

துரை எப்படி என்று கேட்டார். சுதாகரன் சிங்களத்தில் சொன்னான், கையை ஆட்டி ஆட்டி. முடிவில் சிப்னாஸின் பக்கம் திரும்பினான்.

"சாமானெல்லாம் இவர் கடையிலதான் வாங்கினேன், சேர். இதுல முக்கியமானது அந்த நீல ரெசிஸ்டர். அதுக்கு இவர் காசே வாங்கல."

துரை சிப்னாஸின் தோளில் தட்டினார். பெண்கள் அவனைப் பார்த்தார்கள். காளியாயி, "அட, மொதலாளி சும்மாவும் குடுப்பாரா? நாளைக்கே எறக்கி வைக்கிறேன் எங்க வீட்டு ரேடியோவ," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், இந்த முறை அவனோடு சேர்ந்து. சிப்னாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தூக்கி நிறுத்த முகத்தில் இருந்த எல்லாச் சதையும் தேவைப்பட்டது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பெட்டியை ஒயரோடு சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கும்போது சுதாகரன் கூடவே வந்தான். சிப்னாஸுக்கு வாய் அடங்கவில்லை.

"கண்டென்சர்... சரியா இருந்திச்சா?"

சுதாகரன் ரோட்டில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் கால் வைத்தான்.

"இல்ல மச்சான். ஒண்ணுன்னு போட்டிருக்கு, மீட்டர்ல அரைக்கு மேல கொஞ்சம்தான். பழசு போல."

"அப்ப எப்பிடி...?"

"அன்னைக்கு அதத்தான்டா சொல்ல வந்தேன். நீதான் வெளங்குது வெளங்குதுன்ட. மொதல்ல கண்டென்சர நெறச்சு, கொழுந்தே இல்லாம ரெசிஸ்டர் வழியா மட்டும் ஒரு தடவ வடிக்கிறேன், நேரத்த எழுதிக்கிறேன். ரெண்டாவது தடவ கால் செக்கன் கொழுந்து வழியா, மிச்சம் அதே ரெசிஸ்டர் வழியா. ரெண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கொழுந்தோட பங்கு. கண்டென்சர் எவ்வளவு சுருங்கியிருந்தாலும் ரெண்டு தடவையும் அதே சுருக்கம்தானே? வித்தியாசம் எடுக்கும்போது அது கழிஞ்சு போயிருது. என் பெட்டிக்குக் கண்டென்சர் எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்."

சிப்னாஸ் நின்றுவிட்டான்.

"ரெசிஸ்டர் தப்பா இருந்திருந்தாத்தான் நான் செத்தேன்," என்றான் சுதாகரன். "எல்லாத்தையும் அதோடதான் ஒப்பிட்டுப் பாக்குது. நல்லவேள, நீ நல்லதா குடுத்த."

முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று சிப்னாஸ் தேடினான். வாப்பாவின் கடையிலிருந்தே வாடிக்கையாளர் முகம் படித்தவன். இந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. தெரிந்து சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா? பஸ் வந்தது. சுதாகரன் கையாட்டினான்.

அன்று சாயங்காலம் சிப்னாஸ் ரினோஸாவிடம் யாரோ ஒருவனின் கதையைச் சொன்னான். ஒருவன் இன்னொருவனுக்குக் கோணல் சாமான் கொடுத்தானாம், ஆனால் கணக்கு நேராகவே வந்ததாம். அது எப்படி?

ரினோஸா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இதென்ன அதிசயம்? எங்க வாப்பாட காரட் தராசு ஒரு பக்கம் எப்பவும் சாஞ்சுதான் நிக்கும். காரட்ட ஒரு தட்டுல வெச்சி மறுதட்டுல கல்லடுக்கிச் சமமாக்குவாரு. பொறகு காரட்ட எடுத்துட்டு, அதே தட்டுல படிக்கல்ல வெச்சிச் சமமாக்குவாரு. தராசு எப்பிடிச் சாஞ்சா என்ன, ரெண்டுக்கும் ஒரே சாய்வு தானே. படிக்கல்லு மட்டும் சரியா இரிக்கணும்."

மக்பூல் ஹாஜியாரின் கடையிலும் அப்படி ஒரு தராசு இருந்தது. பத்து வயதில் அவனே அப்படி நிறுத்திருக்கிறான், சீனி, பருப்பு எல்லாம். தராசு சாய்ந்ததைக் கண்டு சிரித்த வாடிக்கையாளருக்கு அவனே விளக்கியிருக்கிறான். தராசைக் கெடுத்துவிட்டு, படிக்கல்லைத் துடைத்து, சும்மா கையில் கொடுத்து அனுப்பியவன் இந்த ஊரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"அந்த ஒருத்தன் யாரு?" என்றாள் ரினோஸா, நிமிராமல்.

"உங்களுக்குத் தெரியாது."

"சரி," என்றாள். கத்தி பலகையில் நாலு முறை விழுந்தது. "அந்த ஒருத்தனுக்கு எவ்வளவு கெடச்சிச்சு?"

"அறுபது."

"மலிவு தான்."

எட்டுப் பெட்டியும் சுதாகரனுக்குப் போயின. சாமான் மட்டும் சிப்னாஸின் கடையில் வாங்க வேண்டும் என்று துரையே சொல்லிவிட்டார், தோளில் தட்டிய நன்றிக்கு. சிப்னாஸ் விலை பேசவில்லை. சுதாகரன் கேட்காமலே அவனுக்கு அடக்க விலைக்குப் போட்டான், முகமும் வைக்கவில்லை. எட்டு மடுவத்திலும் இப்போது பீப் பீப் என்று மூட்டைகள் போகின்றன. இரண்டு கிலோ கழிவு நின்றுவிட்டது. காளியாயி ரேடியோவை உண்மையாகவே கொண்டுவந்து இறக்கினாள், ரிப்பேருக்குக் காசு கேட்டதும், "சும்மா குடுக்குறது ஆம்பளைங்களுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டு, பாதிதான் வைத்துவிட்டுப் போனாள்.

சுதாகரன் மாதம் ஒரு முறையாவது வருகிறான். மேசையில் சாய்ந்துகொண்டு, அடுத்து ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு அதே வழியில் ஒன்று செய்யப்போவதாகச் சொல்கிறான். சிப்னாஸ் கடைசிவரை கேட்கிறான், நடுவில் வெட்டுவதில்லை. கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. இதுவும் இவ்வளவு எளிதா? இதுவும் எனக்கு ஏன் தோன்றவில்லை? எரிச்சல் ஒரு ஓம்கூடக் குறைந்தபாடில்லை. ஆனால் அவன் போன பிறகு, அவன் வரைந்துவிட்டுப் போன காகிதத்தை எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான்.

கடையில் வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம் என்று நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு. சுதாகரனின் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் குறுக்குக் கோடு போட்டாயிற்று, ஒரு வரியைத் தவிர. அந்த அறுபதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சிப்னாஸ் ஒவ்வொரு மாதமும் நினைக்கிறான். கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். கேட்டாலாவது கொடுத்துவிடலாம், அவன் கேட்கமாட்டேன் என்கிறான். அதனால் மாதம் பிறந்ததும் புதுப் பக்கத்தைத் திருப்பி, பென்சிலால் இல்லாமல் பேனாவால், அந்தக் கணக்கை மறுபடி எழுதி வைக்கிறான்:

சுதாகரன். எட்டுப் பெட்டிச் சாமான்: தீர்ந்தது.
நூறு கிலோ ஓம், ஒன்று: சும்மா.
கண்டென்சர், ஒன்று: அறுபது ரூபாய். நாம் கொடுக்க வேண்டியது. பாக்கி.